சிங்கப்பூர்–நியூயார்க்: குறுக்குவழி இருக்க விமானம் ஏன் சுற்றிப் போகிறது?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம் என்று தேடினால் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர் என்று வரும். பக்கத்திலேயே பறக்கும் நேரம் பதினேழரை மணி என்று இருக்கும். முதல் எண் அளவைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் அந்தத் தூரத்தை மட்டும் பறந்து போகும் விமானத்தைக் காண்பது அரிது. இரண்டாவது எண்ணோ, முதல் எண்ணை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்து அரை மணி நேரம் சேர்த்தது. காற்றோ, நாடுகளின் வான்வெளியோ, எரிபொருள் விதிகளோ அந்தக் கணக்கில் இல்லை.

2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த நேரடிச் சேவையை மீண்டும் தொடங்கியபோது அறிவித்த எண்கள் வேறு: தூரம் சுமார் 16,700 கிலோமீட்டர், நேரம் 18 மணி 45 நிமிடம் வரை. அப்போது விமானம் இறங்கியது நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க்கில். 2020 நவம்பரிலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கும் சேவை உண்டு. தூரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பம். இணையம் சொல்லும் தூரத்துக்கும் நிறுவனம் சொல்லும் தூரத்துக்கும் இடையே இருப்பது சுமார் 1,350 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சென்னை–கொல்கத்தா தூரம். ஒரு விமானம் அவ்வளவு தூரம் கூடுதலாகச் சுற்றிப் போகிறதென்றால் அதில் ஏதோ லாபம் இருக்க வேண்டும்.

மனக்கணக்காகவே போடலாம்

உருண்டையின் மேல் இரு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதையைப் பெருவட்டப் பாதை என்பார்கள். ஒரு பூகோள உருண்டையில் இரு ஊர்களையும் நூலால் இழுத்துப் பிடித்தால் நூல் படியும் கோடு அது. பொதுவாக இதைக் கணக்கிடக் கோணவியல் சூத்திரம் வேண்டும். இந்த இரண்டு ஊர்களுக்கு மட்டும் அது தேவையே இல்லை.

சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, ஜே.எஃப்.கே. மேற்கு 73.8 பாகையில். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 178 பாகை, அதாவது உலகின் கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம். ஆகவே குறுக்குவழி கிழக்கேயும் இல்லை, மேற்கேயும் இல்லை. நேர் வடக்கே போய், வட துருவத்தை ஒட்டிக் கடந்து, மறுபக்கம் தெற்கே இறங்குவதுதான். சிங்கப்பூரின் அட்சரேகை 1.36, நியூயார்க்குடையது 40.64. இரண்டையும் கூட்டினால் 42. அதை 180-இல் கழித்தால் 138 பாகை. பூமியின் பரப்பில் ஒரு பாகை சுமார் 111.2 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 15,346 வரும். பூமி முழு உருண்டை அல்ல, துருவங்களில் சற்றே தட்டை என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் நிரல்கள் இதைச் சில கிலோமீட்டர் மட்டுமே திருத்தும்.

இந்த நூல்கோடு வட துருவத்திலிருந்து 280 கிலோமீட்டர் தள்ளிக் கடக்கிறது. தாய்லாந்து வளைகுடா, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா, ஆர்க்டிக் கடல், பிறகு கனடா என்பதுதான் அதன் வரிசை. சுவரில் மாட்டிய தட்டையான உலக வரைபடத்தில் இதை வரையவே முடியாது. துருவம் அங்கே மேல் விளிம்பு முழுவதும் இழுபட்டுக் கிடக்கிறது.

அலகு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 15,350 கிலோமீட்டர் என்பது சாதாரண மைலில் 9,538, கடல் மைலில் 8,288. விமானத் துறையில் புழங்குவது கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ‘மைல்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் பக்கங்களில் எந்த மைல் என்று தெரியாமல் குழம்புவது அடிக்கடி நடப்பது. 11 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் தூரம் கூடாதா என்றும் சிலர் கேட்பார்கள். கூடும், ஆனால் முழுப் பயணத்துக்கும் சேர்த்து 26 கிலோமீட்டர்தான். இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.

இரண்டு திசையிலும் கிழக்கே

வட அரைக்கோளத்தில் 30 முதல் 60 பாகை அட்சரேகைக்குள், 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் குறுகிய காற்றாறுதான் ஜெட் ஸ்ட்ரீம். மணிக்கு 150 முதல் 250 கிலோமீட்டர் வேகம் சாதாரணம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே 300-ஐத் தாண்டும். நீள்தூர விமானங்கள் பறக்கும் உயரமும் அதேதான்.

இந்தத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 விமானம் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் பறக்கும். அந்த உயரத்துக் குளிரில் அது மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர். ஆனால் இது காற்றை வைத்து அளக்கும் வேகம். காற்றே 150 கிலோமீட்டரில் அதே திசையில் ஓடினால், தரையை வைத்து அளக்கும் வேகம் 1,050. எதிர்த்தால் 750. 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து லண்டன் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது; தரைவேகம் 1,300-ஐத் தாண்டியது. அதற்காக அது ஒலியைவிட வேகமாகப் பறந்ததாக அர்த்தமில்லை. ஓடும் ரயிலுக்குள் நடந்தவனின் கதைதான்.

இப்போது நம் தடத்துக்கு வருவோம். நூல்கோட்டில் போனால் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் அடிக்கும். உதவியும் இல்லை, பெரிய உபத்திரவமும் இல்லை. அதை விட்டுவிட்டு ஜப்பான் பக்கம் போய், வட பசிபிக்கைக் கடந்து, அலாஸ்காவையோ கனடாவையோ தொட்டு இறங்கினால் காற்றாற்றின் முதுகில் ஏறிக்கொள்ளலாம். டோக்கியோ வழியாக அளந்தால் தூரம் சுமார் 16,200 கிலோமீட்டர். நூல்கோட்டைவிட இது 5.5 சதவீதம் அதிகம். அந்த நேர இழப்பை ஈடுகட்ட, பயணம் முழுதுக்கும் சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் பின்காற்று போதும். 16,700 கிலோமீட்டர் சுற்றினால் 80 வேண்டும். முதல் சில மணி நேரம் வெப்பமண்டலத்தில் பறக்கும்போது பின்காற்று அதிகம் கிடைக்காது. ஜப்பானுக்கு அப்பால் கிடைப்பது அதையும் சேர்த்து நிரப்பிவிடும் நாட்கள் குளிர்காலத்தில் நிறைய.

திரும்பி வரும்போது அதே பசிபிக் வழியில் வந்தால் அதே காற்று முகத்தில் அறையும். ஆகவே நியூயார்க்கிலிருந்து புறப்படும் விமானம் பல நாட்களில் திரும்பவும் கிழக்கையே பார்க்கிறது. அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்கு அல்லது மத்திய ஆசியா, இந்தியா, வங்காள விரிகுடா என்று வந்து சேரும். லண்டன் வழியாக அளந்தால் இதுவும் சுமார் 16,400 கிலோமீட்டர்தான். இரு ஊர்களும் உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் கிடைக்கும் வசதி இது. சென்னை–லண்டன் தடத்தில் இப்படிச் செய்ய வழியில்லை. அங்கே மேற்கே போகும்போது எதிர்காற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பசிபிக் வழி போய் அட்லாண்டிக் வழி திரும்பியவர் பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றியிருக்கிறார். வீட்டிலிருந்தவர்களைவிட ஒரு சூரிய உதயம் அதிகம் பார்த்திருக்கிறார்.

போகும்போது கிடைப்பதும் வரும்போது இழப்பதும் சரிசமமாகிவிடாதா என்று தோன்றும். ஆகாது. 6,000 கிலோமீட்டர் தூரம், 900 வேகம், 100 கிலோமீட்டர் காற்று என்று வையுங்கள். போக 6 மணி, வர ஏழரை, மொத்தம் பதிமூன்றரை மணி. காற்றே இல்லாவிட்டால் 13 மணி 20 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் செலவாவதால் காற்று எப்போதும் மொத்தத்தில் நஷ்டம்தான், போக்கும் வரவும் ஒரே பாதை என்றால்.

பூமி சுழல்வதால் மேற்கே போகும் விமானம் சீக்கிரம் சேர வேண்டாமா என்பது இன்னொரு பழைய கேள்வி. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கிறது. எனவே அந்த லாபம் இல்லை. சுழற்சி செய்வதெல்லாம், வெப்பமண்டலத்திலிருந்து துருவம் நோக்கிப் போகும் காற்றைக் கிழக்கே திருப்பி ஜெட் ஸ்ட்ரீமை உண்டாக்குவதுதான்.

துருவத்தில் பறக்க என்ன தடை?

துருவப் பாதை மூடப்பட்ட பாதை அல்ல. காற்று சாதகமாக இருந்து வான்வெளியும் திறந்திருந்தால் அதில் பறப்பவர்கள் உண்டு. ஆனால் அதற்கு வேறு ஏற்பாடுகள் வேண்டும்.

முதலாவது எரிபொருளின் குளிர். ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை வரம்பு மைனஸ் 47 பாகை செல்சியஸ். அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ-வுக்கு மைனஸ் 40. வெளியே மைனஸ் 65 என்று பல மணி நேரம் நீடித்தால் இறக்கைத் தொட்டிகளில் உள்ள எரிபொருளும் மெல்ல அந்த வரம்பை நெருங்கும். அப்போது விமானிகள் செய்யக்கூடியது இரண்டு: கீழே இறங்கி வெப்பமான காற்றுக்குப் போவது, அல்லது வேகத்தைக் கூட்டி உராய்வு வெப்பத்தால் இறக்கையைச் சற்றுச் சூடாக்குவது. இரண்டுமே எரிபொருளைக் கூடுதலாகத் தின்னும். நியூயார்க்கிலிருந்து புறப்படும்போது இது கூடுதல் தலைவலி, ஏனென்றால் தொட்டியில் இருப்பது பெரும்பாலும் ஜெட் ஏ.

இரண்டாவது தொடர்பு. பூமத்திய ரேகைக்கு மேலே நிலையாக நிற்கும் செயற்கைக்கோள்கள் சுமார் 82 பாகை அட்சரேகைக்கு வடக்கே தொடுவானத்தில் மறைந்துவிடும். அதற்கப்பால் உயர் அலைவரிசை வானொலியோ, துருவத்தைக் கடந்து சுற்றும் செயற்கைக்கோள்களோதான் கதி. சூரியப் புயல் அடித்தால் வானொலி கரகரத்து நின்றுவிடும். அப்படிப்பட்ட நாட்களில் திட்டத்தையே மாற்றித் தெற்கே இழுத்துவிடுவார்கள். வடக்கு 78 பாகைக்கு மேலே பறக்க அமெரிக்க விதிகள் தனி அனுமதி கேட்கின்றன. விமானத்தில் குறைந்தது இரண்டு கடுங்குளிர் உடைகள் இருக்க வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகளில் ஒன்று. அவசரமாக ஆர்க்டிக் ஓடுபாதை ஒன்றில் இறங்கினால் கதவைத் திறந்து வெளியே போக யாராவது ஒருவராவது உடை அணிந்திருக்க வேண்டுமே.

மூன்றாவது அரசியல். நூல்கோட்டின் நடுப்பகுதி முழுவதும் ரஷ்யா. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் ஐரோப்பிய, அமெரிக்க, கனடிய விமான நிறுவனங்களுக்கு அந்த வான்வெளி மூடப்பட்டது. இதன் விலை என்ன என்பதற்கு ஹெல்சிங்கி–டோக்கியோ தடத்தைப் பார்த்தால் போதும்: ஒன்பதரை மணி நேரப் பயணம் 13 மணி ஆனது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டில்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் சில விமானங்கள் வழியில் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டிவந்தது. ஊர்கள் நகரவில்லை, தூரம் மட்டும் கூடிவிட்டது.

பசிபிக் பாதைக்கும் விதி உண்டு. இரண்டு எஞ்சின் விமானம், ஒன்று நின்றுபோனால் மற்றதை வைத்து எவ்வளவு நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடைய வேண்டும் என்று வரம்பு போடுகிறார்கள். ஏ350-க்கு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 370 நிமிடம் வரை அனுமதித்திருக்கிறது. காகிதத்தில் இது உலகின் எந்தக் கடலையும் கடக்கப் போதும். நடைமுறையில் அலாஸ்காவின் ஆங்கரேஜ், கோல்ட் பே போன்ற ஒதுங்கும் இடங்கள் பனிப்புயலில் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துத்தான் பாதை போடுவார்கள். கம்சட்கா, அலூசியன் தீவுகள், அலாஸ்கா முழுக்க எரிமலைகள். 1989 டிசம்பரில் ரிடவுட் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்த ஒரு 747-இன் நான்கு எஞ்சின்களும் நின்று, பிறகு ஆயிரக்கணக்கான அடி கீழிறங்கிய பின்னரே மீண்டும் ஓடின. சாம்பல் எச்சரிக்கை வந்தால் அன்றைய பாதை சில நூறு கிலோமீட்டர் தள்ளிப் போகும்.

எடையில் பாதி எரிபொருள்

இந்தத் தடத்துக்கென்றே ஏர்பஸ் செய்துகொடுத்தது ஏ350-900 யூ.எல்.ஆர்., அதாவது அதிநீள்தூர வகை. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஏ350-தான். கூடுதல் தொட்டி எதுவும் வைக்காமல், இருக்கும் தொட்டிகளின் கொள்ளளவை 1,41,000 லிட்டரிலிருந்து 1,65,000 லிட்டராக உயர்த்தினார்கள். லிட்டருக்கு 0.8 கிலோ என்று வைத்தால் 132 டன். புறப்படும்போது அதிகபட்ச எடை 280 டன். தொட்டி நிறைந்திருந்தால் எடையில் கிட்டத்தட்ட பாதி எரிபொருள்.

அதனால்தான் இந்த விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. மொத்தம் 161 இருக்கைகள்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. இதே நிறுவனத்தின் வழக்கமான நீள்தூர ஏ350-இல் 253 பேர் உட்காரலாம். முன்பக்கச் சரக்கு அறையும் பயன்படுத்தப்படுவதில்லை.

நீள்தூரப் பறப்பில் கசப்பான கணக்கு ஒன்று உண்டு. எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும். கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்கு மூன்று முதல் நான்கு சதவீதம் வெறும் சுமைக்கூலியாக எரிந்துவிடும் என்பது துறையில் போடும் தோராயக் கணக்கு. பதினெட்டு மணி நேரத்துக்கு அது நீடித்தால், கடைசி மணி நேரத்துக்காக ஏற்றும் ஒரு டன்னில் ஏறக்குறைய பாதி அங்கே போய்ச் சேருவதே இல்லை. 2004-இல் இதே தடத்தைத் தொடங்கிய ஏ340-500 விமானத்துக்கு நான்கு எஞ்சின். நூறு பிசினஸ் இருக்கைகள் மட்டும் என்று மாற்றிப் பார்த்தும், எரிபொருள் விலையோடு மல்லுக்கட்ட முடியாமல் 2013-இல் சேவை நின்றுபோனது. தூரம் அப்போதும் இதேதான், மாறியது எஞ்சின்.

எடை அதிகமாக இருக்கும்போது உயரே ஏற முடியாது. முதலில் 31,000 அடி அளவில் பறந்து, எரிபொருள் குறையக் குறையப் படிப்படியாக 39,000, 41,000 அடிக்கு ஏறுவார்கள். நெரிசலான வான்வெளியில் அந்த ஏற்றத்துக்கு உரிய நேரத்தில் அனுமதி கிடைக்காவிட்டால் கீழேயே பறக்க வேண்டும். அரை மணி நேரத் தாமதம்கூட அங்கே எரிபொருளில் தெரியும்.

பயணத்துக்கு வேண்டியது போக, எதிர்பாராத செலவுக்கு 5 சதவீதம், மாற்று நிலையத்துக்குப் போக வேண்டிய அளவு, அதற்கும் மேல் 30 நிமிடம் வட்டமிடத் தேவையான இருப்பு ஆகியவை கட்டாயம். இந்தத் தூரத்துக்கு அந்த 5 சதவீதமே ஐந்து டன்னைத் தாண்டும். அதைக் குறைக்கச் சட்டப்படியான ஒரு வழி இருக்கிறது: காகிதத்தில் வழியிலுள்ள ஒரு நிலையத்தை இலக்காகக் காட்டிப் புறப்பட்டு, குறிப்பிட்ட இடம் வந்ததும் மிச்சத்தைக் கணக்குப் பார்த்து, போதும் என்றால் உண்மையான இலக்குக்குத் தொடர்வது. அப்போது 5 சதவீதம் மீதித் தூரத்துக்கு மட்டும் இருந்தால் போதும். போதாது என்றால் வழியிலேயே இறங்க வேண்டியதுதான்.

ஜே.எஃப்.கே.வுக்கு மாற்றாக நியூவார்க்கை எழுதினால் என்ன என்று தோன்றும். முப்பது சொச்சம் கிலோமீட்டர்தானே! ஆனால் ஒரு இடி மேகம் இரண்டையும் சேர்த்தே மூடும். அந்த மாதிரி நாட்களில் 300 கிலோமீட்டர் தள்ளியுள்ள பாஸ்டன் போன்ற இடம்தான் பொருத்தம்; அதற்கும் சேர்த்து எரிபொருள் சுமக்க வேண்டும்.

அட்டவணையில் உள்ள நேரம் எது?

பயணச்சீட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. கேட்டிலிருந்து விமானத்தைப் பின்னால் தள்ளத் தொடங்குவதிலிருந்து மறு கேட்டில் நிற்பதுவரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் கேட் காலியாகக் காத்திருப்பது எல்லாம் அதற்குள். நெரிசலான நேரத்தில் ஜே.எஃப்.கே.யில் இதற்கே அரை மணிக்கு மேல் போகும். தாமதப் பெயர் வராமலிருக்கச் சற்றுக் கூடுதலாகவும் வைத்துக்கொள்வார்கள். 18 மணி 45 நிமிடம் என்று அறிவிக்கப்பட்ட 2018-இன் முதல் விமானம் 18 மணிக்குள்ளேயே இறங்கிவிட்டது.

வழியில் ஒரு நிறுத்தம் வைத்தால் எவ்வளவு கூடும்? பிராங்பர்ட் வழியாக அளந்தால் மொத்தத் தூரம் ஏறக்குறைய 16,460 கிலோமீட்டர். அறிவிக்கப்பட்ட நேரடித் தூரத்தைவிடக் குறைவு! ஆனால் ஆகும் நேரம் 23 மணிக்கும் மேல். இறங்கி ஏறும் இரண்டு மணி நேரம் ஒரு காரணம். பெரிய காரணம், இரண்டு கட்டமும் மேற்கு நோக்கிக் காற்றை எதிர்த்துப் போவது. திரும்பும்போது அதே வழியில் சுமார் 21, 22 மணியாகக் குறைந்துவிடும்.

தேதியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சிங்கப்பூர் நேரம் கிரீன்விச்சைவிட 8 மணி முன்னால். தீர்க்கரேகைப்படி 7 மணிதான் இருக்க வேண்டும், 1982 முதல் 8 என்று வைத்துக்கொண்டார்கள். நியூயார்க்கோடு வித்தியாசம் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அமெரிக்கக் கடிகாரம் மாறும் நாட்கள். ஜூலை 1 அதிகாலை 12.10-க்குச் சிங்கப்பூரில் ஏறி 18 மணி பயணம் செய்தால், நியூயார்க்கில் அதே ஜூலை 1 காலை 6.10. வழியில் ஒரு பகல் வந்து போயிருக்கும், ஆனால் நாட்காட்டியில் அதே தாள். திரும்ப ஜூலை 1 இரவு 10.20-க்கு ஏறி 18 மணி 40 நிமிடம் பறந்தால் சிங்கப்பூரில் ஜூலை 3 அதிகாலை 5 மணி. ஜூலை 2 முழுவதும் காணாமல் போகும். சீட்டில் சின்னதாக ‘+2’ என்று இருக்கும். அங்கிருந்து சென்னைக்கு இன்னும் நாலு மணி நேர விமானம் பிடிக்க வேண்டியவர்கள் அந்த இணைப்பை ஜூலை 2-க்குப் பதிவு செய்துவிட்டுத் தவிப்பது இந்தச் சின்ன எண்ணைப் பார்க்காமல் விடுவதால்தான். மருந்து வேளைகளையும் கடிகாரத்தைப் பார்த்து வைக்காமல், ஏறியதிலிருந்து எத்தனை மணி நேரம் ஆனது என்று எண்ணி வைப்பது பிழையில்லாதது.